குறையுள்ள வீட்டிலும் நிறைவு காண்போம்

காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கிச் செல்பவர்களின் கண்களில் இரண்டு வகையான வீடுகள் தென்படும். ஒன்று, கூரை இழந்து, சுவரிலே ஆலும் அரசும் முளைத்து நிற்கும் பழைய கல்வீடு. மற்றையது, அதே வளவின் ஒரு மூலையில், பூசப்படாத சீமெந்துக்கற் சுவர்களோடு எழும்பியிருக்கும் சிறிய புது வீடு. பழையது இனி வாழ்வதற்கு உதவாதது. புதியது இன்னும் கட்டி முடியாதது. இவ்விரண்டுக்கும் நடுவேதான் எமது பகுதிக் குடும்பத் தலைவியர் பலர் நாள்தோறும் அடுப்பு மூட்டுகின்றார்கள்.

இத்தகையதொரு வீட்டில் கிறிஸ்தவப் பெண்ணொருத்தி மனநிறைவோடு வாழ்வது எங்ஙனம்? வீடு என்று நான் குறிப்பது சுவரையும் கூரையையும் மட்டுமல்ல. பேசாத கணவர், தூர தேசத்துப் பிள்ளைகள், நோயுற்ற மாமி, தீராத கடன், ஆறாத பழைய மனத்தாங்கல்கள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே வீடு. அங்கேயும் பூசப்படாத சுவர்கள் உண்டு. இக்கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையை, நான் விட்ட பிழை ஒன்றின் வழியாகவே இன்று வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1990 ஆனி மாதத்திலே யுத்தம் மீண்டும் மூண்டபோது, வலிகாமம் வடக்கின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, கீரிமலை என்று கடலோரக் கிராமங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. 1950 ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த சீமெந்துத் தொழிற்சாலை அவ்வாண்டோடு மௌனமாகியது. அங்கு வேலை செய்த என் கணவரும் அன்றோடு வேலையிழந்தார். இரண்டு வயது மகளையும் கைக்குழந்தையான மகனையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு நாம் படலையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டபோது என் கையிலே இருந்தவை இரண்டு: காணி உறுதி ஒன்று, எமது திருமணத்தன்று மந்திரிக்கப்பட்டு விறாந்தையில் மாட்டப்பட்டிருந்த இயேசுவின் திருஇருதயப் படம் மற்றொன்று.

ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். பின்னர் தீபாவளிக்குள் என்றார்கள். பின்னர் நத்தாருக்குள் என்றார்கள். பல ஊர்கள் மாறினோம். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குச் சென்று, மறு ஆண்டு மீண்டுவந்து, மல்லாகத்தில் உறவினர் ஒருவரின் வளவிலே கிடுகினால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். அக்கொட்டிலிலேதான் எமது வாழ்வின் மிக நீண்ட பகுதி கழிந்தது.

நான் விட்ட பிழை இதுதான். கொட்டிலை நான் ஒருநாளும் வீடென்று எண்ணவில்லை. உறுதியையும் திருஇருதயப் படத்தையும் சேலைத்துணியில் சுற்றித் தகரப் பெட்டியினுள் வைத்துவிட்டேன். 'எங்கள் வீட்டுக்குப் போய்த்தான் படத்தைக் கொழுவுவது' என்பது என் வைராக்கியம். முற்றத்தில் ஒரு செம்பரத்தை நாட்டுவதற்கும் மனம் வரவில்லை. மாலைச் செபமாலை ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. பிள்ளைகளின் பிறந்த நாட்கள் வந்தன, போயின. எல்லாவற்றையும் 'வீட்டுக்குப் போனபிறகு' என்ற ஒரு சொல்லின் பின்னே ஒதுக்கிவைத்தேன். வேலையிழந்த கணவர் வரவரப் பேச்சுக் குறைந்தவரானார். அதைக்கூட, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்றே விட்டுவிட்டேன்.

2007 ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டுக் குடாநாட்டில் எல்லாப் பொருளுக்கும் வரிசையில் நின்ற காலம். மாமி நோயுற்றுப் படுத்திருந்தார். ஒருநாள் மாலை என்னை அருகே அழைத்தார்.

"பிள்ளை, இருதய ஆண்டவரை எங்க வச்சிருக்கிறாய்?"

"பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு மாமி. வீட்ட போய்க் கொழுவுவம்."

மாமி சிறிது நேரம் கிடுகுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு கேட்டார்:

"ஏன், அவருக்கு இந்த வீடு காணாதோ?"

பதினேழு ஆண்டுகளாக நான் கேட்ட மறையுரைகளுள் எதுவும் என்னை அவ்வாறு சுட்டதில்லை. மாட்டுத் தொழுவம் போதுமென்று வந்து பிறந்தவருக்கு, என் கொட்டில் போதாதென்று நான் தீர்மானித்திருந்தேன். அன்று மாலையே செத்தையில் ஒரு கம்பியைக் கட்டிப் படத்தைக் கொழுவினேன். அதன் கீழே இருந்து செபமாலை சொன்னோம். நெடுங்காலம் வாய்திறவாத கணவர் இரண்டாம் மறைபொருளை முன்னின்று சொன்னார். அடுத்த மாதம் மாமி இறைவனடி சேர்ந்தார். ஊருக்குத் திரும்பவேண்டும் என்ற அவரது ஆசை நிறைவேறவில்லை. ஆனால் இருதய ஆண்டவரின் முன்னே, தமது வீட்டிலேயே அவர் கண்மூடினார் என்று இன்று என்னால் சொல்ல முடிகின்றது.

இறைவாக்கினர் எரேமியாவின் நூலிலே, பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு அவர் எழுதிய மடல் ஒன்று உள்ளது (எரே 29). இடம்பெயர்ந்தோர் அனைவரும் வாசிக்கவேண்டிய பகுதி அது. அதற்கு முந்திய அதிகாரத்திலே அனனியா என்ற பொய்வாக்கினன் வருகின்றான். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் மக்களைத் தேற்றுகின்றான். எரேமியாவோ, இது நெடுங்காலம் என்கின்றார். ஆகவே சென்ற இடத்திலே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனிகளை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்து வையுங்கள், அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று இறைவனின் பெயரால் எழுதுகின்றார். அதே மடலிலே, எழுபது ஆண்டுகளின் பின்னர் உங்களைத் திருப்பிக் கொணர்வேன் என்ற வாக்குறுதியும் இருக்கின்றது. திரும்பும் நம்பிக்கையும், இருக்கும் இடத்தில் வாழும் துணிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இம்மடலின் பாடம். நான் நம்பிக்கையைக் காத்தேன். ஆனால் தோட்டத்தைப் போடவில்லை.

சரி, ஊருக்குத் திரும்பிய பின்னர் எல்லாம் நிறைவாயிற்றா? 2009 இல் யுத்தம் முடிந்தும் பல ஆண்டுகள் காத்திருந்தோம். வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. 2016 இல் எமது வளவுக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில் விடுவிக்கப்பட்டது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளுக்காகக் காத்திருப்பவர்கள் இன்றும் உள்ளனர். கோணப்புலம், சபாபதிப்பிள்ளை முகாம்களில் பிறந்து, அங்கேயே வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகள் எத்தனை பேர்!

எமது வளவில் வீடு இருக்கவில்லை. பற்றைக்காட்டுக்குள் கிணற்றுக்கட்டு ஒன்றுதான் அடையாளம் சொல்லியது. வீட்டுத்திட்ட உதவியோடு கட்டத் தொடங்கினோம். இந்திய வீட்டுத்திட்டத்திலே ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டதையும், அதனோடு கைக்காசும் கடனும் சேர்த்தே பலர் வீட்டை முடித்ததையும் வாசகர்கள் அறிவர். எமக்குக் கிடைத்த உதவியும் கூரைவரையே வந்தது. பின்னர் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குச் சென்றன. சீமெந்து செய்த ஊரிலே, சீமெந்து செய்தவரின் வீட்டுச் சுவர் இன்றுவரை பூசப்படாமல் நிற்கின்றது. 2015 தையிலே புகையிரதம் காங்கேசன்துறைக்கு மீண்டும் வந்தது. 2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. என் குசினிக்கு மட்டும் இன்னும் கதவு வரவில்லை.

உண்மையைச் சொல்வதானால், அந்தப் பழைய நோய் என்னுள்ளே மறுபடியும் தலைதூக்கியது. 'சுவர் பூசிய பிறகு', 'நிலத்துக்கு மாபிள் போட்ட பிறகு' என்று என் மகிழ்ச்சியைப் பின்னும் தள்ளிவைக்கத் தொடங்கினேன். வெளிநாட்டுக் காசில் அயலில் எழும்பிய மாடிவீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அவ்வேளையில், கனடாவிலுள்ள மகள் தொலைபேசியில் பேசும்போது தற்செயலாக ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா, எனக்கு வீடெண்டா அந்த மல்லாகத்துக் கொட்டில்தான் நினைவுக்கு வரும். நீங்கள் மட்டுந்தான் அதை ஒருநாளும் வீடெண்டு சொன்னதில்லை."

நான் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்க முடியவில்லையே என்று அழுத காலமெல்லாம், அவர்கள் ஒரு வீட்டிலேதான் வளர்ந்திருக்கின்றார்கள். அதைக் காணாதவள் நான் ஒருத்திதான்.

திருக்குடும்பத்தை நாம் படங்களிலே காண்கின்றோம். அங்கே எல்லாம் ஒழுங்காகவும் ஒளியாகவும் இருக்கும். நற்செய்தி காட்டும் குடும்பமோ வேறு. இரவோடிரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பம் அது. ஏரோது இறந்தபின் திரும்பி வந்தபோதும், யூதேயாவிற்குச் செல்ல யோசேப்பு அஞ்சினார் என்று மத்தேயு எழுதுகின்றார். அங்கே ஏரோதின் மகன் அர்க்கெலா ஆட்சியில் இருந்தான். ஆகவே கலிலேயாவிலே, சிறப்பெதுவும் இல்லாத நாசரேத்தூரிலே குடியமர்ந்தார்கள் (மத் 2:19-23). மீள்குடியேற்றத்தின் ஏமாற்றத்தை அன்னை மரியாளும் அறிந்திருந்தார். பன்னிரண்டு வயது மகனை மூன்று நாட்கள் தேடி அலைந்த வேதனையையும், கண்டபின் அவர் கூறிய மறுமொழி விளங்காத தவிப்பையும் அவர் அறிந்திருந்தார் (லூக் 2:41-51). விளங்காதவற்றை உள்ளத்திலே வைத்துச் சிந்தித்துக்கொண்டு, அந்த வீட்டிலேயே அவர் சோறாக்கினார், தண்ணீர் மொண்டார். அந்த வீட்டிலேதான் இறைமகன் வளர்ந்தார்.

எமது மண்ணின் மறைவரலாறும் இதையே சொல்கின்றது. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரின் கைக்கு வந்தபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோயில்கள் பறிபோயின, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே. 1687 இல் கூலியாளின் கோலத்தில் இலங்கை வந்த யோசே வாஸ் அடிகளாருக்கு அடைக்கலம் தந்தது எமக்கு அயலிலுள்ள சில்லாலை. இரவில், கதவடைத்த வீடுகளிலே அவர் திருப்பலி நிறைவேற்றினார். 2015 ஜனவரி 14 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, முகந்தெரியாத அந்தக் குடும்பப் பெண்களையும் நான் நினைத்துக்கொண்டேன். அவர்களது வீடுகளும் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகவே இருந்திருக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என அழைத்ததன் பொருள், யாழ்ப்பாணத்தவர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது.

மனநிறைவு பற்றித் திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றோம். எந்நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அவர் கூறுகின்றார் (பிலி 4:11-12). 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல்லை நாம் கவனிக்கவேண்டும். அது பிறவிக்குணமன்று, பயிற்சி. அதை எழுதியபோது அவர் இருந்தது சிறையிலே. சிறையிலிருந்தவரால் கற்க முடிந்ததைக் கதவில்லாக் குசினியிலிருந்து என்னால் கற்க முடியாதா?

ஆயினும் மனநிறைவு என்ற சொல்லைப் பிறர் தவறாகப் பயன்படுத்துவதும் உண்டு. ஆகவே இரண்டு விடயங்களை இங்கே ஒளிக்காமல் எழுதவேண்டும்.

முதலாவது, மனநிறைவு என்பது உரிமையைக் கைவிடுவதன்று. கிடைத்ததோடு திருப்திப்படுங்கள், பழைய காணியை ஏன் இன்னும் கேட்கின்றீர்கள் என்று கூறுவோர் உளர். ஆகாபு மன்னன் நாபோத்திடம் அவனது திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். அதைவிடச் சிறந்த தோட்டமோ பணமோ தருவதாகவும் சொன்னான். மூதாதையரின் உரிமைச்சொத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத்து. அதற்காக அவன் உயிரையும் இழந்தான். இறைவன் எலியாவை அனுப்பியது நாபோத்துக்குத் திருப்தியைப் போதிக்க அல்ல, மன்னனைக் கண்டிக்கவே (1 அரச 21). காணிக்காகக் குரல் கொடுக்கும் தாய் மாலையிலே தன் கொட்டிலில் மகிழ்ச்சியோடு செபமாலை சொல்லலாம். இரண்டும் ஒரே விசுவாசத்தின் இரண்டு கைகள்.

இரண்டாவது, மனநிறைவு என்பது அடி வாங்கிக்கொண்டு மௌனமாக இருப்பதன்று. குறையுள்ள வீடு வேறு, ஆபத்தான வீடு வேறு. குடித்துவிட்டு வந்து கை நீட்டும் கணவரைச் சிலுவையென்று தாங்கிக்கொள் என்று பெண்களுக்குப் புத்தி சொல்வது நற்செய்தி அல்ல. பெண்கள் மீதான வன்முறை ஆண்மையின் வலிமையன்று, கோழைத்தனமே என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016 இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' ஏட்டிலே தெளிவாக உரைத்துள்ளார். எமது நாட்டிலும் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. மகளிர் உதவிக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கமும் உள்ளது. அத்தகைய சகோதரிகள் உதவி நாடுவது பாவமன்று. அவர்களுக்குத் துணைநிற்பது பங்குச் சமூகத்தின் கடமை.

இவ்விரண்டையும் விலக்கிய பின்னர் எஞ்சுகின்ற நாளாந்தக் குறைகளோடுதான் நாம் மனநிறைவைப் பழகவேண்டும். எனக்குப் பயன்தந்தவை சிலவற்றைக் கூறுகின்றேன்.

'பிறகு' என்ற சொல்லை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். திருஇருதயப் படத்தை இன்று கொழுவுங்கள். பூமரத்தை இன்று நாட்டுங்கள். வாடகை வீடானாலும், கொழும்பில் ஓர் அறையானாலும், ரொறன்ரோவில் நிலக்கீழ் வீடானாலும், அதிலே ஒரு மூலையை இறைவனுக்கு ஒதுக்குங்கள். இறைவன் தங்கும் இடத்தைத் தற்காலிக இடமென்று சொல்லாதீர்கள்.

அயல்வீட்டோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். மாடிவீட்டைப் பார்த்துப் பெருமூச்சுவிட்ட நான், பின்னர் ஒருநாள் அங்கே சென்றபோது அவ்வீட்டு அக்கா கூறினார்: "அஞ்சு அறை இருக்கு தங்கச்சி. படுக்கிறது நான் ஒருத்திதான்." அன்பில்லாத வீட்டின் கொழுத்த விருந்தைவிட அன்புள்ள வீட்டின் கீரைக்கறி மேலானது என்று நீதிமொழிகள் நூல் கூறுவது (நீமொ 15:17) இத்தகைய அனுபவத்திலிருந்தே பிறந்திருக்கவேண்டும். அந்த அக்கா இப்போது மாலைச் செபத்துக்கு எமது வீட்டுக்கு வருகின்றார்.

வேலையிலே மூழ்கி, வீட்டிலுள்ளவரை மறந்துவிடாதீர்கள். மார்த்தாவிடம் ஆண்டவர் கண்டித்தது அவளது சமையலை அல்ல, பலவற்றைப்பற்றிய அவளது கலக்கத்தையே (லூக் 10:38-42). பூசாத சுவரைப்பற்றிக் கணவரோடு வாதிட்ட காலத்தில், அவர் ஏன் பேசுவதில்லை என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. ஒருநாள் தேநீரோடு விறாந்தையில் அருகிலே அமர்ந்து கேட்டேன். நெடுநேரத்தின் பின் அவர் சொன்னார்: "உனக்கொரு வீடு கட்டித்தர ஏலாமல் போட்டுதெண்ட வெக்கம்தான்." இத்தனை ஆண்டுகளும் அசட்டை என்று நான் எண்ணியது அன்பு. நான் வீட்டைப் பற்றி முறையிட்ட ஒவ்வொரு முறையும் அந்தக் காயத்திலேதான் அடித்திருக்கின்றேன்.

ஆகவே கடைசியாக, குடும்பங்களுக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் திரும்பத் திரும்ப நினைவூட்டிய மூன்றையும் பழகுங்கள்: அனுமதி கேட்பது, நன்றி கூறுவது, மன்னிப்புக் கேட்பது. எமது வீடுகளில் முதலிரண்டும் அரிது, மூன்றாவதோ மிக அரிது. அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது புதுமையாக இருந்தது. இப்போது காலையில் தேங்காய் துருவித் தருகின்றார், தானாக ஊர்க்கதையும் சொல்கின்றார்.

எமது சுவர் இன்னும் பூசப்படவில்லை. மழைக்காலத்தில் குசினியின் வடமேற்கு மூலை ஒழுகுகின்றது. மகன் எப்போது வருவான் என்பது தெரியாது. ஆனால் விறாந்தையிலே, பூசாத சுவரில் அடித்த ஆணியிலே, திருஇருதயப் படம் தொங்குகின்றது. கண்ணாடியின் ஓரத்திலே தகரப் பெட்டியின் துரு படிந்த கறை இருக்கின்றது. நான் அதைத் துடைத்து எடுக்கவில்லை. ஆண்டவரை எத்தனை ஆண்டுகள் காக்கவைத்தேன் என்பதை அது எனக்கு நினைவூட்டட்டும்.

அன்புள்ள சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். அதனுள்ளே நீங்கள் நல்ல காலத்துக்கென்று பூட்டிவைத்திருப்பது செபமாக இருக்கலாம், ஒரு மன்னிப்பாக இருக்கலாம், பிள்ளையிடம் சொல்லாத ஒரு பாராட்டாக இருக்கலாம். இன்று மாலை அதைத் திறவுங்கள். குறையுள்ள அந்த வீடு அவருக்குக் காணும். அவருக்குக் காணுமென்றால், எமக்கும் காணும்.